விண்வெளியில் ஈசிஜி எடுப்பது யார்?

சென்ற இதழில், ஈசிஜி எடுக்கும்போது ஏன் ஆடாமல் அசையாமல் படுக்கச் சொல்கிறோம் என்று ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தேன். போகிற போக்கில், ‘விண்வெளி வீரர்களுக்கும் இதே ஈசிஜிதான்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான்! சரி, இந்த மாதம் முழுக்க மேலேயே இருந்துவிடுவோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் ஒரு மருத்துவமனையில் ஈசிஜியும் எக்கோவும் (ஒலி அலையால் இதயத்தைப் படம் எடுப்பது) எடுத்து ஓய்வுபெற்ற டெக்னீஷியன்.

எடையே இல்லாத இடத்தில் ஈசிஜி எப்படி வேலை செய்யும்? மார்பில் வைக்கிற ரப்பர் குமிழ் மிதந்து போய்விடாதா?
– பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

போகாது டீச்சர். அந்தக் குமிழ் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கனத்தால் உட்காரவில்லை. ஆனால் அங்கே குமிழ் வைப்பதில்லை, தோலில் ஒட்டுகிற பட்டைதான். ஈசிஜி அளப்பது இதயம் துடிக்கும்போது உண்டாகிற சின்ன மின்சாரத்தை. மின்சாரத்துக்குப் புவியீர்ப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மனிதன் போவதற்கு முன்பே ஈசிஜி போய்விட்டது. 1957 நவம்பர் 3 அன்று ரஷ்யர்கள் அனுப்பிய லைக்கா என்ற நாயின் இதயத் துடிப்பு பூமிக்கு வந்துகொண்டே இருந்தது. கிளம்பும் முன் நிமிடத்துக்கு 103, ராக்கெட் ஏறும்போது 240. எடையற்ற நிலைக்குப் போன பிறகு அது பழைய நிலைக்கு இறங்க, தரையில் பழக்கியபோது ஆனதைப் போல மூன்று மடங்கு நேரம் ஆனது. சில மணி நேரத்தில் கூண்டுக்குள் சூடு ஏறி லைக்கா இறந்துவிட்டது. அது இப்படித்தான் இறந்தது என்ற உண்மை 2002-இல்தான் வெளியே வந்தது. நாய் வளர்க்கிறவள் என்பதால் எனக்கு இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

1961-இல் ககாரின் 108 நிமிடப் பயணம் போனபோதும் மார்பில் ஈசிஜி பட்டை இருந்தது. கிளம்ப அரை மணி இருக்கும்போது அவருடைய நாடி 64. நம் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குக்கூட அதைவிட அதிகம் இருக்கும். 1969-இல் நிலவுக்குக் கிளம்பிய மூன்று பேருக்கும் ராக்கெட் எழும்பிய நேரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் 110, காலின்ஸ் 99, ஆல்ட்ரின் 88. அதே ஆர்ம்ஸ்ட்ராங், நிலவில் கலத்தை இறக்கும்போது 150-ஐத் தொட்டார். பயம் என்று சொல்லிவிடாதீர்கள். இறக்க வேண்டிய இடத்தில் பாறையாகக் கிடந்தது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, கையில் கட்டுப்பாட்டுக் கோல். அந்த நேரத்தில் 64 இருந்திருந்தால்தான் நான் என் மெஷினைத் தட்டிப் பார்த்திருப்பேன்.

வேலை குறைந்தால் உறுப்பும் சிறுத்துவிடும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். விண்வெளியில் இதயம் சிறுத்துவிடுமா?
– இயற்பியல் மாணவி, சிவகாசி

சிறுக்கும். நீ நிற்கும்போது காலில் இருக்கிற ரத்தத்தை மேலே ஏற்றுவதற்கு இதயம் நாள் முழுக்கப் போராடுகிறது. எடை இல்லாத இடத்தில் அந்த வேலை கிடையாது. கிணற்றில் இறைத்தவனைக் குழாயடியில் உட்கார வைத்த மாதிரி.

அமெரிக்க வீரர் ஸ்காட் கெல்லி 2015-16-இல் தொடர்ந்து 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் உடற்பயிற்சி. அப்படியும் அவருடைய இதயத்தின் இடது கீழறைத் தசையின் எடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிராம். பயந்துவிடாதே, இதயத்தின் வேலையில் கோளாறு வரவில்லை. உடம்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு அது தன்னைச் சுருக்கிக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொரு ஆள். கெல்லியின் கணக்கோடு ஒப்பிட ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டது பெனுவா லெகோம்ட் என்ற நீச்சல்காரரை. 2018-இல் பசிபிக் கடலை நீந்தியே கடக்கக் கிளம்பியவர். 159 நாள், ஒரு நாளைக்குச் சராசரி ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல். இப்படி நீந்துகிறவருக்கு இதயம் பெருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? அவருக்கும் கெல்லி அளவுக்கே வாராவாரம் குறைந்தது. தண்ணீரில் குப்புற மிதப்பவருக்கும் ரத்தத்தைக் காலிலிருந்து தலைக்கு ஏற்றுகிற வேலை இல்லை. மெதுவாகக் கைகாலை ஆட்டுவது அந்த இழப்புக்கு ஈடாகவில்லை.

உருவமும் மாறும். 12 வீரர்களுக்கு எக்கோ எடுத்துப் பார்த்ததில், விண்வெளியில் இதயம் 9.4 சதவீதம் கூடுதலாக உருண்டையானது தெரிந்தது, 2014-இல் வெளியிட்டார்கள். பூமிக்கு வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. தரையில் எக்கோ திரையில் இதயம் உருண்டையாகத் தெரிந்தால் நாங்கள் உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். அங்கே அது வந்து போகிற விருந்தாளி.

மேலே போனவர்களுக்கு உண்மையிலேயே இதயத் தொந்தரவு வந்திருக்கிறதா, இல்லை எல்லாம் முன்னெச்சரிக்கைதானா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

வந்திருக்கிறது சார். 1971, அப்போலோ 15. நிலவில் நடந்துவிட்டுத் தாய்க்கலத்துக்குத் திரும்பிய ஜிம் இர்வினின் ஈசிஜியில், ஹூஸ்டனில் உட்கார்ந்திருந்த டாக்டர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். ஒரு சரியான துடிப்பு, உடனே ஒரு அவசரத் துடிப்பு, பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி அதே ஜோடி. காகிதத்தில் இது வந்தால் எந்த டெக்னீஷியனுக்கும் கண் அங்கேயே நிற்கும். ஒல்லியாக ஒன்று, பக்கத்தில் குண்டாக ஒன்று, ஒல்லி, குண்டு என்று வரிசையாக வரும். கூடப் போன டேவிட் ஸ்காட்டுக்கும் துடிப்பில் தப்பு இருந்தது.

தரையில் இருந்திருந்தால் இர்வினைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருப்பார்கள். தலைமை டாக்டர் சார்லஸ் பெர்ரியின் கணக்கு வேறு: கலத்துக்குள் சுவாசிப்பது முழு ஆக்சிஜன், இதயத்துக்குச் சுமை இல்லை, ஈசிஜி கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைவிட என்ன கிடைக்கப்போகிறது? கணக்கு சரிதான். ஆனால் விஷயத்தை அப்போது அந்த வீரர்களிடம் சொல்லவில்லை. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கலம் அவர்கள் கையில், இதயம் அவர்கள் நெஞ்சில்.

இர்வினுக்கு 1973-இல் மாரடைப்பு வந்தது. 1991-இல், 61 வயதில் மாரடைப்பிலேயே போனார். நிலவுப் பயணம்தான் காரணம் என்று ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பொட்டாசியம் குறைந்ததால்தான் துடிப்பு தடுமாறியது என்று அப்போது முடிவுகட்டினார்கள். அடுத்து 1972-இல் போன அப்போலோ 16 வீரர்களுக்கு ஆரஞ்சுச் சாற்றில் பொட்டாசியத்தைக் கலந்து ஊற்றினார்கள். ஜான் யங்குக்கு வாயு பிடித்துக்கொண்டது. மைக் திறந்திருப்பது தெரியாமல் அவர் நிலவில் உட்கார்ந்து அதைப் பற்றிப் புலம்பியது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. இதயத்துக்குக் கொடுத்தது வயிற்றில் வேலை காட்டுவது நம் ஊர் மாத்திரைகளுக்கும் உள்ள பழக்கம்தானே.

இன்னொன்று, 1987. ரஷ்யாவின் மிர் நிலையத்தில் இருந்த அலெக்சாந்தர் லவேய்கினின் துடிப்பு ஒழுங்கில்லை என்று தரையில் இருந்த டாக்டர்களுக்குச் சந்தேகம். அவரை ஜூலையில் பாதியிலேயே இறக்கி, வேறு ஆளை அந்த இடத்தில் வைத்தார்கள். கீழே வந்து சோதித்தால் பெரிதாக ஒன்றுமில்லை! அவருடைய வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதே மிர்ரில் பிறகு ஒரு வீரருக்கு, நாள் முழுக்க ஈசிஜி பதிவுசெய்கிற ஹோல்டர் கருவி மாட்டியிருந்தபோது, தொடர்ந்து 14 துடிப்பு, நிமிடத்துக்கு 215 வரை வேகத்தில், கீழறையிலிருந்து கிளம்பி ஓடியது பதிவானது. அது தானாகவே நின்றது.

எக்கோ எடுக்க ஒரு ஆள் வேண்டுமே? டெக்னீஷியனையும் ராக்கெட்டில் கூட்டிப்போவார்களா?
– தையல் கடை நடத்துபவர், கும்பகோணம்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான் அக்கா. என் தொழில் ஆட்கள் யாரும் மேலே போகவில்லை. வீரரே தன் கழுத்திலோ மார்பிலோ புரோபை, அதாவது ஸ்கேன் எடுக்கக் கையில் பிடிக்கிற கருவியை, வைத்துக்கொள்கிறார், அல்லது கூட இருப்பவர் வைக்கிறார். படம் கீழே வருகிறது. கீழே இருக்கிற நிபுணர் திரையைப் பார்த்துக்கொண்டே, ‘கொஞ்சம் உள்பக்கம் சாய்த்துப் பிடி, அழுத்தாதே, அங்கேயே நில்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் பக்கத்தில் நின்று. முதல் வாரத்தில் எல்லாருமே புரோபைக் கரண்டி மாதிரி பிடிப்பார்கள். விலா எலும்பின் மேல் வைத்துவிட்டு, ‘ஒன்றும் தெரியலையே மேடம்’ என்பார்கள். மணிக்கட்டைப் பிடித்து ஒரு நெல்லளவு நகர்த்தினால் போதும், வால்வு பளிச்சென்று வரும். அந்த நெல்லளவை வாயாலேயே சொல்லி, பூமிக்கு மேலே 400 கிலோமீட்டரில் மிதக்கிற ஒரு கையை நகர்த்துகிறார்கள் என்றால் சும்மாவா?

இன்னொரு சங்கடமும் உண்டு. எக்கோவுக்கு உங்களை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம், நினைவிருக்கிறதா? அப்படிப் படுத்தால் இதயம் தன் கனத்தால் மார்புச் சுவரை ஒட்டி வரும், படம் தெளிவாகும். அங்கே எந்தப் பக்கம் படுத்தாலும் ஒன்றுதான். படுப்பது என்பதே இல்லையே!

இப்படித் தனக்குத்தானே எடுத்துக்கொண்ட ஸ்கேன் ஒன்றுதான் ஒரு வீரரைக் காப்பாற்றியது. விண்வெளியில் கழுத்துச் சிரையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. மொத்தம் 11 பேர். ஆறு பேருக்கு ஏறக்குறைய ஐம்பதாம் நாளில் அந்தச் சிரையில் ரத்தம் தேங்கி நின்றது, அல்லது திரும்பி ஓடியது. கீழே இழுக்கப் புவியீர்ப்பு இல்லாவிட்டால் தலையிலிருந்து இறங்குகிற ரத்தத்துக்கு வழி மறந்துபோகிறது. அதில் ஒருவருக்கு, ஆறு மாதப் பயணத்தின் இரண்டாவது மாத வாக்கில், இடது கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றது. தலைவலி இல்லை, முகம் சிவக்கவில்லை, ஒரு புகாரும் இல்லை. ஆராய்ச்சிக்காகப் பார்க்கப்போய் அகப்பட்டது. அவர் ஆணா பெண்ணா என்றுகூட வெளியே சொல்லவில்லை. நோயாளியின் விஷயத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மருந்துப் பெட்டியில் ரத்த உறைவைத் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசிமருந்து 20 குப்பி இருந்தது. குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சுவதே அங்கே ஒரு வித்தை, திரவம் அடியில் தங்காமல் சுவரில் ஒட்டிக்கொண்டு காற்றுக்குமிழோடு கலந்து நிற்கும். சிரிஞ்சும் எண்ணிக்கையில்தான். மாதக் கடைசியில் மளிகையை இழுத்துப் பிடிக்கிற மாதிரி, 33 நாள் கழித்து அளவைக் குறைத்துச் சமாளித்தார்கள். அதே வேலையைச் செய்கிற அபிக்ஸபான் மாத்திரை சரக்குக் கலத்தில் 42-ஆம் நாள் வந்து சேர்ந்தது.

வடகரோலினா பல்கலைக்கழகத்தில் ரத்த உறைவு நிபுணரான ஸ்டீபன் மோல் என்ற டாக்டர்தான் கீழேயிருந்து ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். ஒரு நாள் அவர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தது மனைவி. ‘உங்களுக்கு விண்வெளியிலிருந்து போன்’ என்று கணவரிடம் கொடுத்துவிட்டாராம்! எங்கள் வீட்டில் ராத்திரி டூட்டிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால்கூட, என் மாமியார் இவ்வளவு நிதானமாகச் சொன்னதில்லை.

சிகிச்சை 90 நாளைத் தாண்டியும் அந்தச் சிரையில் ரத்தம் தானாக ஓடவில்லை. வீரர் இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு மருந்தை நிறுத்தினார்கள். பூமியில் இறங்கியதும் ஓட்டம் தானாக வந்துவிட்டது. பத்து நாளில் கட்டியே இல்லை.

மேலே போனதும் முகம் வீங்குவது ஏன்? அப்படியானால் இதயத்துக்குள் அழுத்தம் ஏறிவிடாதா?
– செவிலியர் பயிற்சி மாணவி, வேலூர்

காலில் இருக்கிற திரவம், ஏறக்குறைய இரண்டு லிட்டர், மேலே வந்துவிடுகிறது. முகம் உப்பும், மூக்கடைக்கும், கால்கள் குச்சியாகும். உன்னைப் போலத்தான் டாக்டர்களும் நினைத்தார்கள்: இவ்வளவு ரத்தம் நெஞ்சுக்கு வந்தால் இதயத்துக்கு வருகிற சிரையில் அழுத்தம் எகிறும் என்று. 1991 ஜூனில் கொலம்பியா விண்கலத்தில் போன ட்ரூ காஃப்னி ஓர் இதய நிபுணர். கையிலுள்ள சிரை வழியாக இதயத்தின் அருகே வரை ஒரு குழாயைச் செருகிக்கொண்டு, அதோடேயே ராக்கெட்டில் உட்கார்ந்து கிளம்பினார். யோசித்துப் பார், நாம் வார்டில் குழாய் போட்டவரைத் தள்ளுவண்டியில் லிஃப்ட் வரை கொண்டுபோகவே எவ்வளவு பார்த்துப் பார்த்துப் போவோம்!

எடை போனதும் அழுத்தம் ஏறவில்லை, இறங்கியது. ஆனால் எக்கோவில் இதயம் நன்றாக நிரம்பியிருந்தது. இரண்டும் எப்படிச் சேரும் என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எடையில்லாமல் மார்புக்கூடு விரிகிறது, இதயத்தைச் சுற்றியுள்ள அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகமாகக் குறைகிறது, அதனால் குறைந்த அழுத்தத்திலேயே இதயம் விரிந்து நிரம்புகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். பரீட்சையில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் எழுதி வைத்துக்கொள்.

மேலே ஒருவருக்கு இதயம் நின்றுபோனால் நெஞ்சை அமுக்க முடியுமா? அமுக்குகிறவர்தானே பின்னால் பறப்பார்?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

ஆமாம் தம்பி, பறப்பார். அதனால் நோயாளியை ஒரு பலகையில் வார் போட்டுக் கட்டிவிடுவார்கள். அமுக்குகிறவர் எதிர்ச்சுவரில் காலை ஊன்றி, தலைகீழாக நிற்பவர் போலக் கையை நெஞ்சில் வைத்துக் காலால் உந்த வேண்டும். ஷாக் கொடுக்கிற கருவியும் அங்கே இருக்கிறது.

சுபான்ஷு சுக்லா திரும்பி வந்ததும் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தாரே, இதயத்தில் ஏதாவது பிரச்சினையா?
– இல்லத்தரசி, ஈரோடு

கவலைப்படாதீர்கள், அது எல்லாருக்கும் நடப்பது. 2025 ஜூன் 25-இல் கிளம்பி ஜூலை 15-இல் இறங்கினார். பாதி காரணம் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு. மீதி ரத்தம். திரவம் மேலே ஏறியதும் உடம்பு ‘தண்ணீர் அதிகமாகிவிட்டது’ என்று நினைத்து ரத்தத்தின் நீரைக் குறைத்துவிடுகிறது. இறங்கி எழுந்து நின்றதும், இருக்கிற கொஞ்சமும் காலுக்குப் போய்விடும், தலை சுற்றும். 2006-இல் ஹைடிமேரி பைப்பர் என்ற வீராங்கனை 12 நாள் பயணம் முடிந்து மறுநாள் வரவேற்பு மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை சரிந்தார்.

இதற்கு வைத்தியம் ரொம்பச் சாதாரணம்: இறங்குவதற்கு முன் உப்பு மாத்திரையும் ஒரு லிட்டருக்குப் பக்கமாகத் தண்ணீரும், அப்புறம் காலையும் வயிற்றையும் இறுக்குகிற உடை. வெயிலில் மயங்குகிறவருக்கு உப்புப் போட்ட மோர் கொடுப்பீர்களே, அதே யோசனைதான்.

எனக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. டிக்கெட் கிடைத்தால் போகலாமா?
– வாசகர், காரைக்குடி

முதலில் மாடிப்படி ஏறிப் பாருங்கள்! விளையாட்டுக்குச் சொன்னேன். டீக் ஸ்லேட்டன், அமெரிக்காவின் முதல் ஏழு வீரர்களில் ஒருவர். மேலறைத் துடிப்பு ஒழுங்கில்லை என்று 1962-இல் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்களை அனுப்பி வைத்துக்கொண்டே 13 வருஷம் காத்திருந்து, 1975-இல், 51 வயதில் போய் வந்தார். உங்கள் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதுதான்.

மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தில் ஈசிஜி வருகிறது. அங்கேயும் இதைத்தான் கட்டுவார்களா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், நாகப்பட்டினம்

அதைவிடப் பெரிய ஏற்பாடு ஐயா. கனடாக்காரர்கள் ஒரு பனியன் செய்து 2018 கடைசியில் மேலே அனுப்பினார்கள். ஈசிஜி, மூச்சு, தோலின் சூடு, நடமாட்டம் எல்லாம் அந்தத் துணியே பார்த்துக்கொள்ளும். ரத்த அழுத்தத்துக்கும் ஆக்சிஜனுக்கும் கூடவே உணரிகள் உண்டு. கனடா வீரர் டேவிட் செயின்ட்-ஜாக் 2019-இல் போட்டுப் பார்த்தார். வீரர் தூங்கலாம், மிதிவண்டி மிதிக்கலாம், கம்பி தொங்காது.

எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நான் ஹோல்டர் மாட்டி அனுப்பிய ஒரு பெரியவர், குளிக்கப் போகும்போது பெட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். மறுநாள் ஓட்டிப் பார்த்தால், காலை ஆறரையிலிருந்து ஏழு வரை நேர்க்கோடு. அவர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததால்தான் எனக்கு உயிர் வந்தது.

உங்கள் கடிகாரப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கோடு நடுவில் நடுங்குகிறது. கையை மேசையில் வைத்து, பேசாமல் உட்கார்ந்து இன்னொரு தடவை எடுங்கள். எடுத்ததை டாக்டரிடம் காட்டுங்கள்.